தண்ணிப்பல்லிக்கு ஒன்றுமில்லை, மகனே

நீ ஜெர்மனிக்குப் போன வருடம் எது என்று கேட்டால் எனக்கு எண்ணில் சொல்ல வராது. ஏரி நிறைந்து வழிந்து கோடி போனதற்கு அடுத்த வருடம். தக்காளி விலை ஏறிப்போய், நம் ஊர்க்காரர்கள் பழத்துக்குக் காவலாகக் காட்டிலேயே கட்டில் போட்டுப் படுத்த வருடம். உன் அம்மாவுக்கு முதல் திதி கொடுத்து முடித்த மறு வாரம், கிணற்றடி மாமரத்தில் இடி விழுந்து ஒரு பக்கம் கருகிப்போன வருடம். அந்த ஆடியில்தான் நீயும் மருமகளும் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினீர்கள். பின் சீட்டில் மருமகள் ஈரத் துண்டு போர்த்திய எதையோ பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தாள். தூரதேசம் போகிற பிள்ளை அப்பனுக்கு ஏதோ வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்தேன். என்னவென்று கேட்கவில்லை. நீயாகத் தரட்டும் என்று வேட்டியைச் சரி செய்துகொண்டு நின்றேன்.

நீ வீட்டுக்குள் வரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்னால், பட்டுப்பூச்சி வளர்த்த மனைக்குப் போனாய். உன் அம்மாவின் முழங்கால் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த மனை அது. சுவரில் ஒரு சூடு பார்க்கும் கருவியை மாட்டி, கொஞ்ச நேரம் நின்று, "அப்பா, வெளிய இந்தக் காய்ச்சு காயுது, இங்க பாருங்க, குளுகுளுன்னு இருக்குது" என்றாய். அந்தச் சுவர் நான் செம்மண்ணும் சுண்ணாம்பும் மிதித்து எழுப்பியது. மேலே ஓடு, கீழே தென்னங்கீற்று என்று இரட்டைக் கூரை போட்டவனும் நான். நீ பிறந்து வளர்ந்து படித்துப் போனதெல்லாம் அந்த மனையில் விளைந்த கூட்டில்தான். ஒரு நாளும் அதைப் பற்றி நீ நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை. அன்று சொன்னாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் துண்டை எடுத்தாய். கண்ணாடித் தொட்டிக்குள் மூன்று உருப்படி. முதுகு கரி, வயிறு பழுத்த மிளகாய்.

"இது இன்னாடா, பல்லியா?"

"நியூட்டுங்கப்பா. தண்ணியிலயே இருக்கும். சூடு ஆவாது. எங்க வூட்டுல இத வெச்சுப் பாத்துக்க ஆளில்ல. நான் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

சரி, பார்த்துக்கொள்ள என்னை நம்பித்தான் கொடுக்கிறான் என்று மறுபடியும் ஒரு நிமிர்வு வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உன் சின்னம்மா வந்தாள். உன் அம்மாவின் தங்கை. எட்டாவது வரை படித்தவள். புருஷன் போன பிறகும் வேலிக்கு அந்தப் பக்க வீட்டிலேயே தனியாக இருந்துகொண்டு, என் வீட்டில் என்ன வேகிறது என்று மூக்கிலேயே தெரிந்துகொள்கிறவள். நீ அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாய். தண்ணீர் எப்படி மாற்றுவது, மண்புழு எப்படி நறுக்கிப் போடுவது, எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்று. அவளுடைய டச் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். மனை என்னுடையது, ஆள் அவள்.

இந்தக் கடிதத்தை எழுதுவதும் அவள்தான். நான் கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதி, படம் பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். போனிலேயே பேசலாமே என்று நீ நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் என் வாய் வேறொன்றைச் சொல்லிவிடுகிறது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். அவளைப் பற்றி நான் சொல்வதையும் ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டும் என்று மாரியம்மன் மேல் ஆணை வாங்கியிருக்கிறேன்.

"என்னப் பத்தி இன்னாங்க மாமா சொல்லப் போறீங்க?"

"எழுது, தன்னால தெரியும்."

"கோழிக்குத் தீனி போடணும். சுத்தி வளைக்காம சொல்லுங்க."

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மகனே, எனக்கு வயிறு எரிகிறது. அவளைப் பார்த்து எரிகிறது, உன் மாமனாரைப் பார்த்து எரிகிறது, சுண்டுவிரல் நீளம் இருக்கிற அந்த மூன்று தண்ணிப்பல்லிகளைப் பார்த்தும் எரிகிறது. சாயங்காலமானால் உன் போன் வரும். அவள் போனுக்குத்தான் வரும். "சின்னம்மா, நியூட்டெல்லாம் எப்படி இருக்குது? பெருசு சாப்பிட்டுதா? குட்டைக்குத் தோலு பளபளன்னு இருக்குதா?" என்று பெருசு, குட்டை, கறுப்பி மூன்றையும் நீ வைத்த பேரைச் சொல்லி ஒவ்வொன்றாக விசாரிப்பாய். எல்லாம் முடிந்து வைக்கப்போகும்போது, "அப்பா இருக்காருங்களா?" என்பாய். "இருக்காரு" என்பாள். அவ்வளவுதான் என் பங்கு. எனக்கும் ஒரு மாதம் பல் ஆடிச் சோறு இறங்கவில்லை. என் தோலும் பளபளப்பாக இல்லை. கேட்பாரில்லை.

இந்த எரிச்சல் இன்றைக்கு வந்ததல்ல. நீ சின்னவனாக இருந்தபோது பூச்சிக்குத் தழை பறிப்பதும் போடுவதுமாக நானும் உன் அம்மாவும் மனையிலேயே கிடந்தோம். நீ உன் சின்னம்மா இடுப்பில் வளர்ந்தாய். உனக்கு அம்மை போட்டபோது நான் வேப்பிலைக் கொத்தோடு கதவருகில் வந்தேன். நீ கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "சின்னம்மா எங்க?" என்றாய். வேப்பிலையை வெளியிலேயே வைத்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவாய், கையெழுத்துப் போடத் தெரிந்தவள் என்று. காலேஜுக்கு நீ சேலம் பஸ் ஏறிய நாளில், இண்டூர் பஸ் ஸ்டாப்பில் நான் முன்னால் நின்றிருந்தேன். நீ ஜன்னல் வழியாகக் கையாட்டினாய். நானும் கையைத் தூக்கினேன். பஸ் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் அவள் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைத் துண்டை அவிழ்த்துக் கட்டினேன்.

இதை எழுதும்போது அவள் பேனாவை நிறுத்திவிட்டாள். "ரெண்டு பேருக்குந்தான் ஆட்டியிருப்பான், போங்க மாமா" என்கிறாள். ஜெயித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதையும் எழுதச் சொன்னேன்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். நீ போன பிறகு வந்த முதல் வெயில் காலத்தில், ஒரு மத்தியானம் தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று நானே மாடித் தொட்டியிலிருந்து ஒரு குடம் பிடித்து ஊற்றினேன். அவளுக்கு முன்னால் நான் செய்துவிட வேண்டும் என்ற அவசரம். கொஞ்ச நேரத்தில் குட்டை தண்ணீரை விட்டுக் கல் மேல் ஏறிக்கொண்டது. தலையைத் தூக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றது. மண்புழுவை மூக்கருகில் காட்டினேன், திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டதாக நினைத்தேன். பட்டுப்புழு தோல் உரிக்கும் முன்னால் இப்படித்தான் நிற்கும். தின்னாது, தலையைத் தூக்கிச் சாமி கும்பிடுகிற மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் தழை போடக் கூடாது, தொடக் கூடாது, சுண்ணாம்புத் தூளைத் தூவிப் புழுத் தட்டைக் காயவைக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் செய்த வேலை, கை தானாகப் போனது. மனை மூலையில் பழைய சுண்ணாம்பு டப்பா இருந்தது. கல்லைச் சுற்றித் தூவினேன். உன் சின்னம்மா உள்ளே வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ மாமா! வெத்தல போடறீங்களா, பல்லி வளக்கறீங்களா?"

நல்ல வேளை, தூள் கல்லோடு நின்றது. அவள் குட்டையைக் கையில் அள்ளி, பானையில் ஆறியிருந்த தண்ணீரில் விட்டு, உனக்குப் போன் போட்டாள். உனக்கு அங்கே வேலை நேரம். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, "அப்பாகிட்டக் குடுங்க" என்றாய். எவ்வளவு காலம் கழித்துக் கேட்ட சொல். திட்டினாய். "அது தோலு வழியாவும் மூச்சு வுடுதுப்பா. சுண்ணாம்பு பட்டா வெந்து போவும். தண்ணி சுடுதுன்னுதான் மேல ஏறி நின்னுது. அது ஏதாச்சும் புதுசா செஞ்சா, மொதல்ல தண்ணியப் பாருங்க. அப்புறம் சூட்டப் பாருங்க. அப்புறம் கூட இருக்கறது கடிக்குதான்னு பாருங்க. கடைசியாத்தான் அதுக்கே நோவான்னு பாக்கணும்." இன்னும் என்னென்னவோ சொன்னாய். அது தோல் உரித்தால் தன் தோலைத் தானே தின்றுவிடும், அது வழக்கம்தான் என்றாய். பயந்தால் வில்லாக வளைந்து சிவப்பு வயிற்றைக் காட்டும் என்றாய். நீ திட்டத் திட்ட எனக்கு இனித்தது. தட்டில் போட்ட களி ஆறிக் கல்லானது, நான் நகரவில்லை. அன்று மட்டும் மூன்று முறை கூப்பிட்டாய்.

அங்கேதான் நான் கெட்டேன். பல்லி நன்றாக இருந்தால் நீ அவளோடு பேசுகிறாய், பல்லிக்கு ஏதாவது என்றால் என்னோடு பேசுகிறாய். அதற்குப் பிறகு நான் சொன்ன முக்கால்வாசி பொய். பெருசு சாப்பிடவில்லை என்றேனே, அது அன்று காலையில்தான் மண்புழுவை விழுங்கிவிட்டு இன்னொன்றுக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது. கறுப்பி மல்லாந்து மிதக்கிறது என்றேன், அது இலைக்கடியில் சொகுசாகப் படுத்திருந்தது. ஒரு நாள் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் கைத்தடியால் கண்ணாடியைத் தட்டினேன். குட்டை பயந்து வில்லாக வளைந்தது. "வயித்தக் காட்டிட்டு நிக்குதுடா" என்று சொன்னேன். "யாராச்சும் பயமுறுத்தினாங்களாப்பா?" என்றாய். "இங்க ஆரு இருக்கறா பயமுறுத்த?" என்றேன். வாயில்லாத ஜீவனைத் தட்டிப் பயமுறுத்தி, அதை வைத்து மகனோடு பேசிய அப்பன் நான். நீ அங்கே நாலு பேரிடம் விசாரித்திருப்பாய், கண்ட கண்ட புத்தகத்தைப் புரட்டியிருப்பாய். நான் இங்கே போனை அவள் கையில் கொடுத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குத் தெரியும். நீ வீடியோ கேட்டபோது அவள் எடுத்தாள். அதில் போட்ட தீனியையெல்லாம் பெருசு விழுங்கிக்கொண்டிருந்தது. போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது சாப்பிடலன்னா சொன்னீங்க?"

"காலையில சாப்பிடல."

"காலையில நீங்கதான் சாப்பிடல. மாமா, பொய் சொல்றதுக்கும் ஒரு வயசு இருக்குதுங்க."

உன்னிடம் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீடியோ ஏறவில்லை, டவர் இல்லை என்று சொல்லிவிட்டாள். அதற்கும் எனக்கு எரிச்சல்தான். காட்டிக்கொடுத்திருந்தால் அவளை ஒரு வாரம் திட்டியிருப்பேன். காப்பாற்றிவிட்டதால் திட்டவும் வழியில்லை.

போன மாதம் சாமியே என்னைப் பிடித்தது. பெருசு கறுப்பிக்கு முன்னால் போய் நின்று, வாலை மடக்கி விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தது. நான் கண்ணால் பார்த்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. பார்க்க அழகாக இருந்தது, அழகான செய்திக்கு நீ அவளிடம்தான் பேசுவாய் என்று வைத்துக்கொண்டேன். சில நாள் கழித்துக் கறுப்பி பின்னங்கால் இரண்டாலும் ஒரு இலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, உடம்பை முறுக்கித் தொங்கியது. விடும், அடுத்த இலைக்குப் போகும், மறுபடி அதே மாதிரி. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. இத்தனை பொய்க்கும் சேர்த்து ஒரு நிஜ நோய் வந்துவிட்டது என்று அவளைக் கூப்பிட்டுப் போன் போடச் சொன்னேன். "பின்னங்கால் இழுக்குதுடா, வலிப்பு மாதிரி முறுக்குது" என்று உனக்குச் சொன்னேன். அது ஒன்றுதான் நான் பார்த்தபடி சொன்னது. நீ முதலில் தண்ணீரைக் கேட்டாய், அப்புறம் சூட்டைக் கேட்டாய். பிறகு, "அப்பா, இத்தன நாளா சாப்பிடல, மிதக்குது, இப்ப காலும் போச்சு. அங்க வெச்சா எல்லாம் செத்துடும். உங்களுக்கும் வயசாயிடுச்சு, அங்க ஆரு பாத்துக்குவா? எங்க மாமனார் வூட்டுல ஏசி ரூம் இருக்குது. ஞாயித்துக்கெழம மச்சான் கார் எடுத்துட்டு வருவான், குடுத்துடுங்க" என்றாய்.

உன் மாமனார் நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிகிறது. கல்யாணத்தில் நான் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றபோது, கையைப் பிடித்துக்கொண்டுபோய் முன் வரிசையில் உட்காரவைத்தவர். உன்னோடு இங்கிலீஷில் பேசிச் சிரிப்பார். பல்லிகள் அவர் வீட்டுக்குப் போனால் சாயங்காலப் போனும் அங்கேதான் போகும். அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை, உண்மையைச் சொன்னாலே நீ நெடுநேரம் பேசுவாய். இங்கே உன் சின்னம்மாவுக்குப் பண்டிகைக்கு ஒரு போன் வரும். எனக்கு அதன் கடைசியில் ஒரு "இருக்காருங்களா". மகனே, இத்தனை நாளாக அந்த மூன்றும் எப்போது தொலையும் என்று கறுவினவன் நான். அவை போகப்போகின்றன என்றதும் மனைக்குள் போய் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தேடிக்கொண்டு வந்தாள். "இங்க குந்திக்கிட்டு இன்னா பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள். கறுப்பி பிடித்து இழுத்த இலைகளெல்லாம் மடிந்து ஒட்டியிருந்தன, யாரோ வேண்டுமென்றே வெற்றிலை மடித்து வைத்த மாதிரி. அவள் ஒன்றைக் கிள்ளி எடுத்து நகத்தால் பிரித்தாள். உள்ளே ஒரு ஜவ்வரிசி, நடுவில் கறுப்புப் புள்ளி. பூச்சி முட்டையில் வளர்ந்த கண் எனக்கு. இருவரும் ஒரே நேரத்தில் "முட்டை" என்றோம். கால் இழுக்கவில்லை, மகனே. வலிப்பும் இல்லை. அது தன் முட்டைக்கு ஒவ்வொன்றாக வீடு மடித்துக்கொண்டிருந்தது. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். உன் அம்மா போன பிறகு அந்த மனைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான். பிறகு அவள் போனில் தேடிப் படித்து, வளர்ந்த பல்லிகளே முட்டையைத் தின்றுவிடுமாம் என்றாள். மடிந்த இலைகளை எடுத்து, உன் அம்மா பருப்பு ஊறவைக்கும் அகல பேசினில் தண்ணீர் விட்டுத் தனியாக வைத்தோம். மனையில் நிழலில் இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன், அந்தப் புள்ளி நீண்டு அவரைப் பிஞ்சு மாதிரி வளைந்திருக்கிறது. ஒன்று உள்ளேயே துடித்தது.

இதை உடனே உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடும். அவள்தான், "மாமா, இந்தப் பிஞ்சுங்க காருல குலுங்கிப் போனா தாங்காதுங்க. உங்க மானம் பெருசா, அதுங்க உசுரு பெருசா?" என்று கேட்டுப் பேனாவைக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். ஆகவே எழுதச் சொல்கிறேன். மூன்றும் தின்கின்றன. மூன்றும் பளபளக்கின்றன. நான் கண்ணால் பார்த்த நிஜங்கள் மூன்றுதான். சுட்ட தண்ணீரில் குட்டை கல் ஏறியது, பெருசு வாலை விசிறியது, கறுப்பி இலை மடித்தது. மற்றதெல்லாம் உன் குரலுக்காக நான் கட்டியது. மச்சானை அனுப்பாதே. அனுப்பித்தான் தீருவேன் என்றால், பிஞ்சுகள் வெளிவந்து நீந்துகிற வரையாவது பொறு.

ஒரு புத்தி சொல்லிவிடுகிறேன், அப்பன் என்கிற பாத்தியத்தில். நீ எனக்குச் சொன்ன புத்திதான். ஒரு ஜீவன் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தால், முதலில் அது இருக்கிற தண்ணீரைப் பார் என்றாய். நான் போனில் உளறியபோதெல்லாம் நீ பல்லியின் தண்ணீரைத்தான் கேட்டாய். தப்பில்லை, அவ்வளவு தொலைவிலிருந்து அதுதான் தெரியும். நாளைக்கு உன் பிள்ளை ஒருநாள் காரணமில்லாமல் பொய் சொல்வான், சோற்றைத் தள்ளுவான், எதையாவது போட்டு உடைப்பான். அப்போது அவனுக்கு என்ன கோளாறு என்று தேடிக்கொண்டிருக்காதே. அன்றைக்கு நீ யாரோடு அதிக நேரம் பேசினாய் என்று யோசித்துப் பார்.

இங்கே யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். இந்த மனையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது சுவர் மட்டுமல்ல. எந்த ஜன்னலை எப்போது திறப்பது, சாக்கை எப்போது நனைப்பது, ஆடிக் காற்றுக்கு எந்தப் பக்கம் அடைப்பது என்று தெரிந்த கைகள் வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்களில் உன் அம்மா போய்விட்டாள். தழைக்கட்டு சுமந்த உன் அத்தை அவளுக்கு முன்பே போனாள். கூரை கட்டின உன் பெரியப்பா கொரோனாவில் போனார், முகம்கூடப் பார்க்கவில்லை. சின்னம்மாவின் புருஷன், இரவல் கேட்டால் இல்லையென்று சொல்லாத மனுஷன், அவரும் இல்லை. என்னைச் சேர்க்காதே. பல் போய், கண் மங்கி, தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. நானும் போன பிறகு, உனக்கு அம்மை போட்ட கதையும், நீ முதலில் பேசிய சொல்லும், இந்த ஜன்னலின் கொக்கி எப்படி மாட்டும் என்பதும் ஒரே ஆளுக்குத்தான் தெரிந்திருக்கும். அவளுக்குப் போன் செய். பல்லிக்காக மட்டும் செய்யாதே. அப்படிச் செய்யும்போது, நான் இருக்கிற வரை, முதலில் என்னிடம் கொடுக்கச் சொல்.

"பேர எழுது" என்றேன்.

"என் பேரு எதுக்குங்க, அவனுக்குத் தெரியாதா?"

"நாஞ் சொன்னதில்ல. உங்க அக்காவக் கட்டி இத்தன வருசத்துல ஒரு நாளும் வாயால சொன்னதில்ல. எழுது."

மகனே, இன்னும் எரிகிறது, ஆனாலும் சொல்கிறேன். மாதம்மா.